பிலிப்பீன்ஸ் நாடகமும் ஓபராவும்: நாடக வட்டத்தில் பேச எங்கிருந்து தொடங்கலாம்?

பிரிக்பீல்ட்ஸ் வாசகன் (கோலாலம்பூர்):
வணக்கம். எங்கள் நாடக வட்டத்தில் மாதத்திற்கு ஒருவர், அண்டை நாட்டு மேடைக்கலை ஒன்றைப் பற்றி 45 நிமிடம் பேசுவது வழக்கம். இம்முறை பிலிப்பீன்ஸ் என் பங்கிற்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிலிப்பீன்ஸ் தொழிலாளர்கள் கூடும் கோத்தா ராயா வளாகத்தைக் கடக்கும்போது காதில் விழும் பாட்டைத் தவிர அந்நாட்டுக் கலையோடு எனக்குப் பழக்கமில்லை. படிக்க உட்கார்ந்தால் கொமெத்யா, சர்சுவேலா, ஓபரா என்று பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. சர்சுவேலாவும் ஓபராவும் ஒன்றுதானா? மூங்கில் கழிகளுக்கிடையே ஆடும் டினிக்லிங் ஆட்டத்தைக் காட்டி உரையைத் தொடங்கலாமா? கேட்க வருபவர்களில் பலர் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் பார்த்து வளர்ந்த மூத்தவர்கள்.

பட்டர்வொர்த் இசையாசிரியை:
ஐயா, இரண்டும் ஒன்றல்ல. ஓபராவில் பெரும்பாலும் உரையாடலும் பாட்டாகவே நடக்கும். சர்சுவேலாவில் வசனத்தைப் பேசுவார்கள். பேச்சுக்கு அடங்காத உணர்ச்சி வரும்போது பாடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் இசை நாடகங்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஆகவே சர்சுவேலாவிலிருந்தே தொடங்குங்கள் என்பேன்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பானியக் குழுக்கள் மணிலாவுக்குக் கொண்டுவந்த வடிவம் இது. ஸ்பெயின் வெளியேறி அமெரிக்கா ஆளத் தொடங்கிய பிறகுதான் இது மணிலா வட்டாரத்தின் தகலோகு மொழியில் செழித்தது. செவெரினோ ரெயெஸ் எழுதி, ஃபுல்ஹென்சியோ டொலென்டினோ இசையமைத்த 'வலாங் சுகாட்' 1902 ஜூன் 14 அன்று மணிலாவில் அரங்கேறியது. தலைப்புக்குக் 'காயம் இல்லை' என்று பொருள். ஸ்பெயினை எதிர்த்து 1896இல் எழுந்த புரட்சிதான் கதைக்களம். தெனியோங் போராடப் போய்விடுகிறான். அவன் காதலி ஹூலியாவை அவள் தாய் ஒரு பணக்காரனுக்குக் கட்டிவைக்க ஏற்பாடு செய்கிறாள். திருமண நாளில், சாகும் தறுவாயில் இருப்பதாகச் சொல்லித் தெனியோங்கைச் சுமந்து வருகிறார்கள். இறப்பதற்கு முன் ஹூலியாவுக்கும் தனக்கும் மணம் செய்துவைக்க வேண்டும், தான் இறந்ததும் அவள் அந்தப் பணக்காரனையே மணக்கலாம் என்று அவன் பாதிரியாரிடம் கேட்கிறான். போகிற உயிர்தானே என்று எல்லாரும் இசைகிறார்கள். தாலி கட்டி முடிந்தது என்று நாம் சொல்லும் அந்தக் கணத்தில் அவன் எழுந்து நிற்கிறான். கூட்டம் வியந்து 'காயம் இல்லை!' என்று கூவுகிறது. வேலன், வேடன், விருத்தன் என்று வேடம் மாற்றி வள்ளியை அடைந்த முருகனை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அக்காலத்து மேடை வெறும் காதல் மேடையன்று. அமெரிக்க ஆட்சியின் 1901ஆம் ஆண்டுத் தேசத்துரோகச் சட்டம் விடுதலையைப் பற்றிப் பேசுவதையே குற்றமாக்கியதால், நாடகக்காரர்கள் பாத்திரங்களின் பெயரிலும் உடையின் நிறத்திலும் அரசியலை மறைத்து வைத்தார்கள். அவுரேலியோ டொலென்டினோ 'நேற்று, இன்று, நாளை' என்று பொருள்படும் தம் நாடகத்துக்காக 1903இல் கைதானார். வெள்ளையர் காலத்தில் நம் நாடகக் கொட்டகைகளில் தேசபக்திப் பாட்டு நுழைந்த கதையோடு இதைச் சேர்த்துச் சொல்லலாம்.

நடிகையரில் ஒருவரை மட்டும் சொல்வதானால் அட்டாங் டெ லா ராமாவைச் சொல்லுங்கள். 'தலாகாங் புகிட்' என்ற சர்சுவேலா 1919இல் திரைப்படமானபோது நாயகி அவரே. அது ஊமைப்படம் என்பதால், திரையிடும் அரங்குக்கே வந்து தம் பாட்டை நேரில் பாடினார். 1987இல் தேசியக் கலைஞர் விருது பெற்றார்.

இசைக்குக் 'குந்திமான்' என்ற காதல் பாட்டு வகை ஒன்று போதும். மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் மெதுவாக நடக்கும்; முற்பகுதி மைனர் சுரவரிசையிலும் பிற்பகுதி மேஜரிலும் அமையும். நம் காதுக்குச் சொல்வதானால், கீரவாணிச் சாயலில் ஏங்கத் தொடங்கி, ஆதார சட்ஜம் மாறாமலே சங்கராபரணத்தில் நம்பிக்கையோடு முடிவது போலிருக்கும். ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டினால் அரங்கு உடனே பிடித்துக்கொள்ளும்.

ஓபராவுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிலிப்பீனியரின் முதல் ஓபரா எனப்படும் 'சண்டுகோங் பனாகினிப்', வலாங் சுகாட் வந்த அதே 1902இல் மேடையேறியது. பாடற்கதை பெட்ரோ பத்தெர்னோ, இசை லதிஸ்லாவோ போனுஸ். ஹோசே ரிசாலின் புகழ்பெற்ற நாவல் 'நோலி மெ தாங்கெரே', ஃபெலிபெ டெ லெயோனின் இசையில் 1957இல் ஓபராவானது. பிலிப்பீன்ஸ் பாடகி ஹொவித்தா ஃபுவெந்தெஸ் 1925இல் இத்தாலியில் 'மடாமா பட்டர்ஃபிளை' ஓபராவின் நாயகியாகப் பாடியவர்.

சதங்கை (செந்தூல்):
அம்மா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். டினிக்லிங்கை முதலில் வைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அது லெய்த்தே தீவின் நாட்டுப்புற ஆட்டம், நாடகமன்று. நெல்வயலில் கண்ணிக்குத் தப்பும் டிக்லிங் பறவையைப் போலக் கால் எடுத்து வைக்க வேண்டும். கழி பிடிப்பவர்களே தாளக்காரர்கள்: இருமுறை தரையில் தட்டி ஒருமுறை கழிகளைச் சேர்ப்பார்கள். கோலாட்டம் ஆடியவர்களுக்குத் தாளம் எளிதில் வரும், கணுக்கால்தான் கவலை! மூத்தவர்கள் கையால் தட்டிப் பார்க்கட்டும், காலை விட்டுவிடுங்கள்.

நாடகத்தோடு உறவுள்ள ஆட்டம் வேண்டுமென்றால் தெற்கே மின்டானாவோ தீவில் வாழும் மரனாவோ மக்களுடைய சிங்கில் ஆட்டம் இருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாகத் தட்டப்படும் கழிகளுக்கிடையே, விசிறியோடு, முகத்தில் பதற்றமே தெரியாமல் இளவரசி நடந்துவருவாள். பின்னணியில் குலின்டாங் எனும் வெண்கலக் குமிழ்மணி வரிசை ஒலிக்கும். சபாவின் குலின்டாங்கானைக் கேட்டவர்களுக்கு அது புதிதன்று. சிங்கிலின் கதை 'தராங்கென்' என்ற நெடுங்காப்பியத்தைச் சார்ந்தது.

அதே மரனாவோ மக்களிடம் 'மகாராடியா லவானா' என்ற கதையும் உண்டு. லவானா என்பவன் நம் இராவணனே. இராமனுக்கு அங்கே மங்கண்டிரி என்று பெயர். மணிலாவில் 1980இல் ரையன் கயாப்யாப் இசையில் 'ராமா ஹரி' என்ற பாலே நாடகமும் வந்தது. கம்பராமாயணம் கேட்ட கூட்டத்தில் இதைச் சொல்லாமல் வரலாமா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகன்:
இருவருக்கும் நன்றி. ஒரு தயக்கம் உண்டு. கொமெத்யாவை 'மோரோ மோரோ' என்றும் அழைக்கிறார்கள். கிறித்துவ அரசர்கள் முஸ்லிம் அரசர்களை வெல்லும் கதை அது. பல இன மக்கள் வரும் அரங்கில் அதை எப்படிச் சொல்வது?

தஞ்சோங் தொக்கோங் முதியவர் (பினாங்கு):
தம்பி, மறைக்க வேண்டாம்; ஸ்பானிய ஆட்சி தன் பகைவரைத் தன் கண்ணால் வரைந்த படம் அது என்று நேராகச் சொல்லுங்கள். கதையின் முடிவு பெரும்பாலும் மதமாற்றமும் திருமணமும்தான். பார்க்கத் தக்கது அதன் மேடை முறை: செய்யுளாக உரைக்கும் வசனம், அணிவகுப்பு இசையோடு வரும் அரச பரிவாரம், அடிவைத்து ஆடும் வாட்போர், இடையே புகுந்து கிண்டல் செய்யும் கோமாளி. நம் கூத்தின் கட்டியக்காரனை அந்தக் கோமாளியிடம் காண்பீர்கள். சர்சுவேலா எழுதிய ரெயெஸ் இவ்வடிவத்தை மேடையிலேயே எள்ளி நகையாடினார் என்பதையும் சொல்லுங்கள். பழைய கலைக்கும் புதிய கலைக்கும் நடக்கும் சண்டை எல்லா ஊரிலும் உண்டு.

பினாங்கில் 1885 வாக்கில் மாமாக் புஷி தொடங்கிய பங்சாவான் எனும் மலாய் இசை நாடகக் குழுவை ஒப்பிடுவதும் பொருந்தும். அதிலும் அரசர் கதை, வாட்போர், இடைவேளைப் பாட்டு எல்லாம் இருந்தன. பிற்காலப் பங்சாவான் வாத்தியக் குழுக்களில் பிலிப்பீன்ஸ் இசைக்கலைஞர்களும் வாசித்தார்கள். அவர்கள் கலையைப் பற்றிப் பேச நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாசகன்:
முதலில் தெனியோங்கின் கதை, அடுத்து குந்திமான், பிறகு சிங்கிலும் இராவணனும், கடைசியில் கொமெத்யா என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் வட்டத்தின் மூத்த நடிகர், 72 வயதுக்காரர், தெனியோங்காகப் படுக்க ஒப்புக்கொண்டுவிட்டார். 'காயம் இல்லை' என்றவுடன் ஒரே மூச்சில் எழுந்து நிற்பதுதான் அவருக்குப் பயிற்சி தேவைப்படும் காட்சியாம்.