எரியூட்டிக்குப் பணம் அனுப்பும் முன் கேரி பேக் முடிச்சைப் பார்ப்போம்

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மந்தைக்குத் தெற்கே மேய்க்காலில், அதாவது ஊர் மாடுகள் மேயும் பொது நிலத்தில், சேரும் குப்பை மாட்டைக் கொல்கிறது. அதற்கு இதுவரை மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் மாமா குப்பையை எரிக்கும் எரியூட்டி என்கிறார். துபாய்த் தம்பிகள் தெருவுக்குத் தெரு 200 தொட்டி என்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த மடலில் மேய்க்காலைச் சுற்றிக் கம்பிவேலி போடலாம் என்றிருந்தது. மூன்றும் நல்ல மனசோடு சொன்னவைதான். ஆனால் காசு திரட்டும் முன் குப்பை எப்படி வீட்டைவிட்டு வெளியேறுகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

மீந்த குழம்புச் சோறு, காய்த்தோல், பழத்தொலி எல்லாவற்றையும் ஒரு கேரி பேக்கில் போட்டு, வாடை வராமல் இறுக்கி முடிச்சுப் போட்டு எறிகிறோம். மாட்டைக் கொல்வது அந்த முடிச்சு. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கைச் சுழற்றி இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டுப் பிறகு அசை போடும் பிராணி அது. ஆடாவது உதட்டால் பொறுக்கித் தின்னும். மாட்டால் பையைப் பிரிக்கவும் முடியாது, சோற்று வாடையை விட்டுப் போகவும் முடியாது. பையோடு விழுங்கும்.

உள்ளே போன பை பெருவயிற்றில் தங்கிவிடும். மூன்றாவது வயிற்றுக்குப் போகும் வாய் குறுகல். நன்றாக அரைபட்ட தீனிதான் அதன் வழியே போகும். பைகளும் கயிறும் சாக்கு நாரும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கெட்டிப் பந்தாகிவிடும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடந்த அறுவை அது. அத்தனை கிலோ சேரும் வரை மாடு நடமாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஊரிலே மாடு வைத்திருக்கிற உறவுகளிடம் இந்த அடையாளங்களைச் சொல்லி வையுங்கள். வயிறு உப்புவதும் வடிவதுமாக மாறி மாறி வரும். அசை போடுவது குறையும். சாணி கொஞ்சமாக விழும். பால் இறங்கும். இடது விலாப் பள்ளத்தில் விரலால் அழுத்தினால் பிசைந்த மாவுபோல் அமுங்கிக் குழி நிற்கும். ‘செரிக்கவில்லை’ என்று ஓமமும் மிளகும் வெற்றிலையில் வைத்துக் கொடுத்து நாட்களைக் கடத்துவதுதான் வழக்கம், அதில்தான் மாடு கைவிட்டுப் போகிறது. மருந்தால் பிளாஸ்டிக் கரையாது. இடது விலாவைக் கீறி எடுப்பதுதான் வழி. ஊசி, ஆணி, கட்டுக்கம்பி உள்ளே போனால் இன்னும் ஆபத்து. அவை இரண்டாவது வயிற்றில் தங்கும். அதற்கு முன்னால், ஒரு தசைத்திரைக்கு அப்பால் இதயம் இருக்கிறது. மாடு முன்கால் முட்டியை வெளியே விரித்து நின்றால், மேடு ஏறும் மாடு பள்ளத்தில் இறங்கத் தயங்கினால், கழுத்துக்குக் கீழே நெஞ்சில் நீர் கோத்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் 1962-க்கு அழைக்க வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான எண் அது.

இனி யோசனைகளுக்கு வருகிறேன்.

எரியூட்டி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஊர்க் குப்பையில் பெரும்பகுதி ஈரம். ஈரத்தை எரிக்க டீசலோ விறகோ தினமும் ஊற்ற வேண்டும், அந்தச் செலவை யார் மாதாமாதம் கொடுப்பது? அதோடு பிவிசி (குழாய், பேனர் செய்யும் பிளாஸ்டிக்) கலந்த குப்பை குறைந்த சூட்டில் எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு வரும். அது சிதைய 850 டிகிரிக்கு மேல் இரண்டு விநாடியாவது புகை உள்ளே நிற்க வேண்டும். சிறு எரியூட்டிகளில் அந்தச் சூடு நிலைப்பதில்லை, அதைக் கண்காணிக்கும் கருவியும் இருப்பதில்லை. வெளியேறும் நஞ்சு மேய்க்கால் புல்லில் படிந்து பாலில் கொழுப்போடு சேரும். மாட்டைக் காக்கப் போய்ப் பாலைக் கெடுத்த கதையாகிவிடும்.

தொட்டிகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் காலி செய்ய ஆள் இல்லாத தொட்டி, மாட்டின் வாய் உயரத்துக்கு வைத்த தீனித்தொட்டிதான். ஊராட்சிகளில் ஏறக்குறைய 150 வீட்டுக்கு ஒருவர் என்று தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டால் தெருத்தொட்டியே தேவையில்லை.

வேலி விஷயத்தில்தான் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும். மேய்க்கால் புறம்போக்கு, களம், மந்தை, இடுகாடு இவையெல்லாம் 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் பொறுப்பில் இருப்பவை. சங்கம் தன் பெயரில் அங்கே கல் ஊன்றி வேலி போட்டால் அதுவே ஆக்கிரமிப்பு. 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் நமக்கே நோட்டீஸ் வரலாம். முதலில் செய்ய வேண்டியது, வருவாய்த் துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு, நிலத்தின் வகையும் யார் பெயரில் என்பதும் பதிந்திருக்கும் அ-பதிவேட்டைப் பார்ப்பது. வகைப்பாடு ‘மேய்க்கால்’ என்றுதான் இருக்கிறதா, உட்பிரிவு ஏதாவது தனியார் பெயருக்குப் போயிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு புலப்படத்தின்படி (நில அளவை வரைபடம்) அளந்து எல்லைக்கல் காட்டச் சொல்லி ஊராட்சி மூலம் தாசில்தாருக்கு மனு. எல்லை நெடுக அகழி வெட்டி, உயிர்வேலியாக வளரும் கிளுவைப் போத்து நடுவதை ஊராட்சி வேலையாக எடுக்கலாம். ஆடு மாடு போக இரண்டு இடத்தில் வழி விட வேண்டும். மேய்க்காலைப் பூட்டினால் அது மேய்க்காலே இல்லை. பொது நிலத்தை மீட்டு ஊருக்கே கொடுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

குப்பையை மக்கவைக்கும் கொட்டகையையே மேய்க்காலில் கட்டிவிடலாம் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. கூடாது. கண்மாய் உள்வாயிலும் வரத்துக்கால் ஓரத்திலும் அறவே கூடாது. 2016 திடக்கழிவு விதிகள் குப்பை புதைக்கும் இடத்துக்குச் சொன்ன தூரத்தை நாம் கொட்டகைக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், வீடுகள், குடிநீர்க் கிணறு இவற்றிலிருந்து 200 மீட்டர்.

மக்கும் குப்பைக்குப் பல ஊர்களில் நாடெப் என்ற உரத்தொட்டி கட்டிவிட்டு அது வெறுமனே கிடப்பதைப் பார்க்கலாம். காரணம் எளிது. நாடெப் வயல் கழிவுக்கானது. சுமார் 1,400 கிலோ சருகு, தட்டை, 100 கிலோ சாணி, அதோடு சலித்த மண் ஏறக்குறைய 1,750 கிலோ என்று அடுக்கி, 48 மணி நேரத்துக்குள் நிரப்பி மேலே மண்பூச்சுப் பூசி மூட வேண்டும். தினம் 200 கிலோ மட்டும் வரும் இடத்தில் அது நிரம்பவே ஒரு வாரம் ஆகும்; அதற்குள் அடியில் அழுகிப் புழு வைத்துவிடும்.

நம் ஊருக்கு வேறு கணக்கு. 400 வீடு, வீட்டுக்கு அரைக்கிலோ என்று வைத்தால் நாளைக்கு 200 கிலோ. 10 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரத்தில் பக்கச் சுவரில் ஓட்டை விட்ட சிறு தொட்டி ஐந்தாறு நாளில் நிரம்பும். மக்க 60 நாள். காய்ந்த சருகும் சேர்வதால் 12 தொட்டி இருந்தால் சுற்று விட்டுப்போகாது. ஈரக்குப்பை ஒரு கை உயரம் போட்டால் அதன்மேல் சருகு ஒரு கை, சாணிக் கரைசல் தெளிப்பு. பத்து நாளுக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு நீர் வருவதுதான் சரியான பதம். நீர் ஒழுகினால் நாற்றம் எடுக்கும், சொட்டே வராவிட்டால் மக்காது. கூரை அவசியம், ஐப்பசி மழையில் திறந்த தொட்டி சகதியாகிவிடும். எருக்குழி இருக்கிற வீட்டுக்காரர்கள் தங்கள் ஈரக்குப்பையை அங்கேயே போட்டுக்கொண்டால் இந்த 12-ம் குறையும்.

காய்த்தோலும் அரிசி கழுவிய நீரும் மாட்டுக்கு வைக்கும் கழனித்தொட்டிக்குப் போகலாம். பந்தியில் மீந்த சோறு போகக் கூடாது. அண்டா நிறையச் சோற்றை ஒரே நேரத்தில் தின்ற மாட்டுக்குப் பெருவயிறு புளித்து அமிலம் ஏறிவிடும், மறுநாள் எழுந்திருக்காது. திருவிழா, கல்யாணத்துக்கு அடுத்த நாட்களில் இந்தச் சாவு அதிகம்.

பிளாஸ்டிக் காய்ந்து, சேறில்லாமல் சேர்ந்தால்தான் ஒன்றிய அளவிலான அரைக்கும் கூடத்தில் வாங்குவார்கள். அப்படி 2 முதல் 4 மில்லிமீட்டராக அரைத்த பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் பூசிச் சாலை போடும் முறை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கியது. அதற்கும் பிவிசி ஆகாது. குழாய்த்துண்டு, பழைய பேனர் எல்லாம் தனியாகப் போக வேண்டும்.

வெளியூர் லாரி கொட்டிப் போவது தனிப் பிரச்சினை. 2024 டிசம்பரில் நெல்லை நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரள மருத்துவக் கழிவு கிடந்ததும், பசுமைத் தீர்ப்பாய உத்தரவுப்படி அதைத் திரும்ப அள்ளிச் சென்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். நம் ஊரில் அப்படி நடந்தால் ஆத்திரத்தில் கொளுத்திவிட வேண்டாம். வண்டி எண், இடம், நேரத்தோடு படம் எடுங்கள். கழிவில் கிடக்கும் சீட்டு, ரசீதுதான் சாட்சி. கையுறை இல்லாமல் தொடாமல் போலீஸ் வரும் வரை அப்படியே விட வேண்டும்.

பணத்தைப் பற்றி. தூய்மை பாரத இயக்கத்தின் ஊரக இரண்டாம் கட்டத்தில் 5,000 பேருக்கு உட்பட்ட ஊருக்குத் திடக்கழிவுக்குத் தலைக்கு 60 ரூபாய் வரை என்று வைத்திருந்தார்கள், அதில் 30 சதவீதம் நிதிக்குழு மானியத்திலிருந்து. 1,600 பேர் என்றால் 96,000 ரூபாய். வந்ததா, எதற்குச் செலவானது என்பதை இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சிப் பெயர் போட்டுப் பார்க்கலாம். கொட்டகைக்கு நாம் சேர்ப்பதை ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்காகக் கட்டினால் மீதியை அரசு போடும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மலேசிய, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் கொடுப்பது ஆகும்; எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கக் கணக்கில் அதைப் போடவே கூடாது.

பணத்தைவிடப் பெரிய பிடி நம் கையில் இருக்கிறது. ஆடித் திருவிழா அன்னதானத்துக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் நாம்தான். தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் பூசிய தட்டு, பேப்பர் கப், மேசை விரிப்பு எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. இவை வந்தால் அடுத்த தவணை இல்லை என்று உபயக் கடிதத்திலேயே எழுதிவிடலாம். டம்ளரும் தட்டும் 500 பேருக்குச் சில்வரில் ஒரு முறை வாங்கிக் கோயிலில் வைத்தால் கல்யாணத்துக்கும் ஆகும்.

அடுத்தது ஆகஸ்ட் 15 கிராம சபை. 2019-ல் ஊராட்சிக்குத் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனதிலிருந்து, தீர்மானம்தான் ஊரின் குரல். தீர்மானத்தில் மூன்று வரி போதும்: ஈரக்குப்பையைப் பையில்லாமல், முடிச்சில்லாமல் வாளியில் வாங்குவது, மேய்க்காலை அளந்து கல் நடுவது, பிளாஸ்டிக் கழிவு விதிகள் 2016-ன் 7-ம் விதி ஊராட்சிக்குச் சொல்லும் தரம் பிரித்தல், சேகரிப்பு, எரிக்காமை மூன்றையும் நடைமுறைப்படுத்துவது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊரில் 100 பேர் வந்தால்தான் சபை செல்லும். இந்தக் குழுவில் இருக்கிற ஒவ்வொருவரும் ஊரிலுள்ள தன் வீட்டுக்குப் போன் போட்டு இரண்டு பேரை அனுப்பச் சொல்லுங்கள்; யார் வீட்டிலிருந்து யார் போகிறார்கள் என்று ஆகஸ்ட் 10-க்குள் இங்கே எழுதுங்கள், எண்ணிக்கை குறைந்தால் மிச்ச நாட்களில் தெருவாரியாகக் கேட்க வேண்டியிருக்கும்.