புது ஸ்ட்ரிங் போட்டும் சத்தம் சரியில்லை, அவசரம்

பாளை_கிடார்: நேற்று கிடாரில் ஸ்ட்ரிங் மாற்றினேன். மேலே உள்ள நான்கு கம்பியும் முனகுகின்றன, கீழே உள்ள இரண்டும் காதைக் கிழிக்கின்றன. ஞாயிறு காலை சர்ச்சில் வாசிக்க வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை_சுப்பு: எந்தக் கிடார் தம்பி? அக்கவுஸ்டிக்கா, எலக்ட்ரிக்கா? ஆம்பில் (ஒலிபெருக்கியில்) போட்டா, சும்மாவா?

முத்துநகர்: ஈரக்காற்றுதான் காரணம். எங்கள் தூத்துக்குடியில் புது செட்டே சீக்கிரம் கறுத்துவிடும்.

பழங்கம்பி: என்ன கிடார், என்ன கேஜ் (கம்பியின் தடிமன்), ஒன்றும் கிடையாது. நாங்கள் மை போட்டுப் பார்க்க வேண்டுமா? இங்கே இதே பாட்டுதான்.

பாளை_கிடார்: மன்னிக்கவும் அண்ணாச்சி. எலக்ட்ரிக்தான், ஆம்பில். உறையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கடையில் கிடார் ஸ்ட்ரிங் என்று கேட்டேன், கொடுத்தார்கள்.

அம்பை_ரிதம்: கம்பிக்குக் கீழே சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப் சாய்ந்திருக்கும். ஸ்குரூவைத் திருகி மேல்பக்கத்தைத் தூக்குங்க.

வண்ணார்பேட்டை_சுப்பு: ஸ்குரூவைத் தொடாதே. கீழிருந்து மூன்றாவது கம்பியைப் பார். வெறும் கம்பியா, மேலே சுற்றியிருக்கிறதா? என்ன நிறம்?

பாளை_கிடார்: சுற்றியிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி மின்னுகிறது.

வண்ணார்பேட்டை_சுப்பு: அப்போ அது அக்கவுஸ்டிக் செட். பிக்கப் காந்தத்தில் வேலை செய்வது. சுற்றியிருக்கும் செம்புக் கலவை அதற்குத் தெரியாது, உள்ளே ஓடும் எஃகு மட்டும்தான் தெரியும். அதனால் முனகல். கீழ் இரண்டும் முழு எஃகு, கத்தத்தான் செய்யும். நிக்கல் சுற்றிய 9-42 அல்லது 10-46 வாங்கு (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). அதில் மூன்றாவது கம்பி பெரும்பாலும் வெறும் எஃகாகவே இருக்கும். இப்போது போட்டிருப்பது மெல்லிய கம்பியே 12 உள்ள செட் என்றால் நெக் (கழுத்துக் கட்டை) இழுபடும், இன்றே தளர்த்திவிடு.

முத்துநகர்: நிக்கலும் உப்புக்காற்றில் போகும். வாசித்ததும் துடைக்க வேண்டும்.

பழங்கம்பி: கை வியர்வையை விட்டுவிட்டுக் காற்றின்மேல் பழி போடுகிறீர்கள்.

முத்துநகர்: தென்காசியில் உட்கார்ந்து பேசலாம். ஒரு வாரம் கடற்கரையில் வந்து வாசியுங்கள்.

பழங்கம்பி: சாரலில் மட்டும் ஈரம் இல்லையா? என் செட் ஆனியில் போட்டது, ஆவணி வரை நின்றது.

முத்துநகர்: எடுத்து வாசித்தால்தானே கறுக்கும்.

அம்பை_ரிதம்: நடுவில் ஒரு சந்தேகம். நைலான் கிடாரில் எஃகுக் கம்பி போடலாமா?

வண்ணார்பேட்டை_சுப்பு: போடாதீங்க. இழுவை தாங்காமல், கம்பியைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

அம்பை_ரிதம்: போட்டுவிட்டேனே!

பாளை_கிடார்: 10 செட் போட்டேன். ஆறும் சமமாகக் கேட்கிறது. நன்றி அண்ணாச்சி.

முத்துநகர்: துடைத்தீர்களா?