ஆபரேஷன் நடுவில் பிபி இறங்கி, செலவு கூடியதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வைகைக்கரை:
அப்பாவுக்கு 74 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தனியார் மருத்துவமனையில் 1,60,000 ரூபாய் பேக்கேஜ் என்றார்கள். முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன். "நல்லபடியா முடிஞ்சது, நடுவுல பிபி ரொம்ப இறங்கிடுச்சு, மருந்து கொடுத்து ஏத்திட்டோம், ஐசியூவுல வச்சுப் பார்ப்போம்" என்றார் மயக்க மருந்து டாக்டர். மறுநாள் சிறுநீர் குறைந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் 1.1-லிருந்து 2.4 ஆனது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை, சில நாளில் இறங்கிவிட்டது. ஆனால் ஐசியூ வாடகை, சிறுநீரக டாக்டர் விசிட், தினசரி ரத்தப் பரிசோதனை, பிபியை ஏற்ற சிரிஞ்ச் பம்பில் ஓடிய நார்அட்ரினலின் மருந்து எல்லாம் சேர்ந்து பில் 2,85,000. பேக்கேஜ் என்பது சிக்கல் இல்லாமல் முடிந்தால் மட்டும்தானாம். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? இன்சூரன்ஸ்காரர்களோ, ஐசியூ எதற்கு என்று கேட்டு ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஐசியூ நர்ஸ், கோவை:
தோழி, முதுகு ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரியும், பிபி விழும். வயதானவர்கள், ரொம்ப நேரம் வெறும் வயிற்றில் இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். நாங்கள் மானிட்டரில் 'மேப்' என்கிற சராசரி அழுத்தத்தைத்தான் பார்ப்போம். 65-க்குக் கீழே போனால் கை தானாக மருந்துக்குப் போகும். அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக்கில் 33,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை அலசி 2013-ல் வெளியான ஆய்வில், 55-க்குக் கீழே சில நிமிடம் இருந்தவர்களுக்கே சிறுநீரக, இதயப் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது. அதற்காக ஆபரேஷனுக்குப் பின் வரும் எல்லாக் கிட்னி பிரச்சினைக்கும் பிபிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எலும்பு முறிவில் போன ரத்தம், வலி மாத்திரை எல்லாமே சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

அப்பா டெல்மிசார்டன், லோசார்டன் மாதிரி பிபி மாத்திரை எடுப்பவரா? அவற்றை ஆபரேஷனுக்கு முந்தைய 24 மணி நேரம் நிறுத்தச் சொல்லும் டாக்டர்கள் நிறைய. சில பிபி மாத்திரைகளை நிறுத்தவே கூடாது, அதனால் நாமாக முடிவெடுக்காமல் மயக்க மருந்து டாக்டரிடம் மாத்திரை அட்டையையே காட்டிவிட வேண்டும். இதயம், கிட்னி பலவீனமானவர்களுக்கு மணிக்கட்டுத் தமனியில் 'ஆர்ட்டீரியல் லைன்' போட்டால் பிபி ஒவ்வொரு துடிப்புக்கும் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த செட்டின் விலை ஒரு நாள் ஐசியூ வாடகையை விடக் குறைவு.

தாமிரபரணிக்காரன்:
மனைவிக்கு அரசு மருத்துவமனையில் சிசேரியன். ஊசி போட்டதும் பிபி இறங்கி வாந்தி, கண் இருட்டல். இடப்பக்கம் சற்றுச் சாய்த்து, டிரிப்பை வேகமாக ஓடவிட்டு மருந்து கொடுத்ததும் சரியாகிவிட்டதாம். அன்று சாயங்காலமே வார்டில் இருந்தாள், குழந்தையும் நலம். அதற்கென்று ஒரு ரூபாய் செலவில்லை. இதே நிலைமை இப்படியும் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

வைகைக்கரை:
நர்ஸம்மா, நன்றி. அப்பா எடுப்பது டெல்மிசார்டன்தான். அன்று காலையிலும் கொடுக்கச் சொல்லித்தான் வார்டில் கொடுத்தார்கள்.

ஐசியூ நர்ஸ், கோவை:
டிஸ்சார்ஜ் சம்மரியில் பிபி இறங்கியது எழுதியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. 'அனஸ்தீசியா சார்ட்' நகல் கேளுங்கள், ஆபரேஷன் நடக்கும்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்த பிபி அதில் இருக்கும். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. ஐசியூ ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அந்த சார்ட்டே சான்று.

வைகைக்கரை:
சம்மரியில் ஒரு வரிகூட இல்லை. நாளைக் காலை மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் மனு கொடுக்கிறேன். கிடைத்ததும் இன்சூரன்ஸுக்கு அனுப்பிவிட்டு இங்கே எழுதுகிறேன்.