பில்லு அம்மா பாஸ்போர்ட்ல, கேமரா தம்பி கையில – சிங்கப்பூர் ஜிஎஸ்டி திரும்ப கிடைக்குமா? அவசரம்

கோத்தகிரி ஸ்டுடியோ (2025 ஆகஸ்ட், திங்கள்):
வணக்கம், யாராவது தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. இங்க ரெண்டு நாளா மழை, கரண்டு வந்து வந்து போகுது, போன்ல 20 சதவீதம் தான் சார்ஜ், பதில் லேட்டானா கோச்சுக்காதீங்க.

அம்மாவும் தம்பியும் சிங்கப்பூர்ல அக்கா வீட்டுக்கு போயிருக்காங்க. நான் கல்யாண போட்டோ எடுக்கறவன், என் பழைய கேமரா பாடி இழுத்துக்கிட்டு கெடக்கு, லென்ஸ் உள்ள வேற பூஞ்சை வெள்ளையா வேர் விட்டிருக்கு, நம்ம ஊரு ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் எல்லாம் சும்மா பேருக்குத்தான். சரி அங்கயே வாங்கிட்டு வந்துருடான்னு தம்பிகிட்ட சொன்னேன். சனிக்கிழமை கடைக்கு போனவன் பாஸ்போர்ட்டை அக்கா வீட்லயே வச்சுட்டு போயிட்டான். அம்மா மட்டும் பாஸ்போர்ட்டை மஞ்சப்பைல சுத்தி இடுப்புலயே வச்சிருப்பாங்க, கடைக்காரர் அதை வாங்கி ஸ்கேன் பண்ணி டூரிஸ்ட் ரீஃபண்ட் (சுத்திப் பாக்க வந்தவங்க ஊர் திரும்பும்போது ஜிஎஸ்டியை திரும்ப வாங்கறது) போட்டு குடுத்துட்டார். பாடியும் லென்ஸும் சேர்ந்த ஒரே செட்டு, மொத்தம் 2,180 சிங்கப்பூர் டாலர், அதுல 180 ஜிஎஸ்டி. காசு அக்கா கார்டுல.

சிக்கல் என்னன்னா தம்பி வெள்ளிக்கிழமை கோயம்புத்தூர் வர்றான், அம்மா மாச கடைசியில தான் வர்றாங்க. எனக்கு ஆவணி முதல் முகூர்த்தமே புக்கிங் இருக்கு, அதுக்கு கேமரா வந்தாகணும். தம்பி ஏர்போர்ட்ல அந்த 180 டாலரை வாங்க முடியுமா முடியாதா?

குன்னூர் மார்க்கெட்:
ஒரே குடும்பம் தானே, பில்லை காட்டுனா குடுத்துருவாங்க. டென்ஷன் ஆகாதீங்க.

கூடலூர் அக்கா:
மேல சொன்னதை நம்பாதீங்க தம்பி. நாங்க அங்க பதினோரு வருஷம் இருந்தோம், ஊர்லேர்ந்து வர்ற சொந்தக்காரங்களை ஏர்போர்ட்டுக்கு கூட்டிட்டு போய் இந்த ரீஃபண்ட் கேக்கற கியாஸ்க் மெஷின் முன்னாடி நின்னே பாதி வயசு போச்சு. கடையில எந்த பாஸ்போர்ட்டை ஸ்கேன் பண்ணாங்களோ அந்த பாஸ்போர்ட்ல தான் வாங்கின கணக்கு ஏறி இருக்கும். சாங்கி ஏர்போர்ட் கியாஸ்க்ல தம்பி அவரோட பாஸ்போர்ட்டை வச்சா ஒண்ணுமே காட்டாது. வாங்கினவங்களே பொருளை கையோட எடுத்துட்டு போகணும், பொருள் வெள்ளிக்கிழமை தம்பியோட போயிட்டா மாச கடைசியில அம்மா வெறும் பில்லை வச்சுக்கிட்டு கேக்க முடியாது.

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கேமரா அம்மாகிட்டயே இருக்கட்டும். வாங்கின நாள்லேர்ந்து ரெண்டு மாசத்துக்குள்ள பொருளோட கிளம்பினா போதும், அம்மா தாராளமா அதுக்குள்ள வந்துருவாங்க. ஆனா உங்க முகூர்த்தம் போச்சு. ரெண்டாவது, நாளைக்கே தம்பி பாஸ்போர்ட்டு, பில்லு, கேமரா, அக்கா கார்டு எல்லாத்தோடயும் அதே கடைக்கு போய் பழைய பில்லை கேன்சல் பண்ணி தம்பி பாஸ்போர்ட்ல புது பில் போட்டு தர முடியுமான்னு கேக்கணும். கடைக்காரர் மனசு வச்சா தான் உண்டு, கட்டாயம் இல்ல. டப்பா சீல் உடைக்காம இருந்தா கொஞ்சம் எளிது.

நல்லவேளை உங்க அக்கா பேர்ல போடல, அங்க வேலை பாஸ், டிபெண்டன்ட் பாஸ்ல இருக்கறவங்களுக்கு இந்த ரீஃபண்டே கிடையாது.

கோத்தகிரி ஸ்டுடியோ:
அக்கா ரொம்ப நன்றி, இப்பவே அவனை எழுப்பறேன். சீல் உடைச்சாச்சான்னு தெரியல, அவன் சும்மா இருக்க மாட்டான்.

கேத்தி பசங்க:
ப்ரோ 180 டாலருக்கு இவ்ளோ அலையணுமா? இந்தியாவுல இறங்கும்போது டப்பாவை தூக்கி போட்டுட்டு கேமராவை கழுத்துல மாட்டிட்டு பச்சை சேனல்ல (வரி கட்ட ஒண்ணும் இல்லன்னு போற வழி) நடந்து வர சொல்லுங்க, பழசுன்னு சொல்லிக்கலாம்.

வெலிங்டன் ரிட்டயர்டு:
தம்பி, இந்த யோசனையை என் மச்சினர் கேட்டு பட்டதை நான் பாத்திருக்கேன், எந்த ஊரு ஏர்போர்ட்னு வேண்டாம். 1962 கஸ்டம்ஸ் சட்டப்படி சொல்லாம கொண்டு வந்த பொருளை பறிமுதல் பண்ணலாம், அபராதமும் போடலாம், அதை மீட்கறதுக்கு தனியா ஒரு அபராதம். அவர் கேமரா விலைக்கு மேலயே கட்டிட்டு வந்தார். இதுல ஒரு வேடிக்கை, அந்த ஊர்ல வரியை திருப்பி வாங்கின ரசீது அவர் பர்ஸ்லயே இருந்துச்சு. பழசுன்னு எப்படி சொல்ல முடியும்?

நீங்க எல்லாரும் 180 டாலரையே பாக்கறீங்க, நான் இந்தப் பக்க கணக்கை போடறேன். 2016 பேக்கேஜ் ரூல்ஸ் (பயணிங்க கொண்டு வர்ற சாமானுக்கான கஸ்டம்ஸ் விதி) படி ஒரு ஆளுக்கு 50,000 ரூபாய் வரை டியூட்டி இல்லாம சலுகை. 2,180 டாலர், டாலருக்கு 68 ரூபான்னு வச்சா 1,48,240. 50,000 போக மிச்சம் 98,240. அதுக்கு 35 சதவீதம் டியூட்டி, அந்த டியூட்டி மேல 10 சதவீதம் சர்சார்ஜ், ஆக 38.5 சதவீதம், 37,800 சொச்சம் வரும். ரீஃபண்ட் வர்றது 12,000, போறது அதுக்கு மூணு மடங்கு.

கோத்தகிரி ஸ்டுடியோ:
ஐயோ சார். அம்மாவும் அவனும் ஒண்ணா வந்திருந்தா 50,000 + 50,000 சேர்த்துக்கலாமா?

வெலிங்டன் ரிட்டயர்டு:
சேர்க்க முடியாது. ஒருத்தர் சலுகையை இன்னொருத்தர் சலுகையோட கூட்டக்கூடாதுன்னு ரூல்ஸ்லயே இருக்கு. 18 வயசுக்கு மேல இருந்தா ஒரு லேப்டாப் மட்டும் இந்த 50,000-க்கு வெளியில வரும். கேமராவுக்கு அந்த ராஜமரியாதை இல்ல.

அரவேணு:
அண்ணா அம்மா நகை ஏதாவது வாங்கி இருந்தா பொம்பளைங்களுக்கு 40 கிராம் ஃப்ரீ, அதையாவது யூஸ் பண்ணிக்குங்க.

கூடலூர் அக்கா:
அது வெளிநாட்ல ஒரு வருஷத்துக்கு மேல தங்கினவங்களுக்கு கண்ணு. ஒரு மாசம் மக வீட்ல இருந்துட்டு வர்ற அம்மாவுக்கு அந்த கணக்கு வராது.

கொடைக்கானல் ஏரி:
இதே மாதிரி எனக்கும் ஒரு டவுட். அடுத்த மாசம் சிங்கப்பூர் போய் அப்படியே ஜோகூர் வழியா பஸ்ல மலேசியா போறோம், அங்கேர்ந்து ஃப்ளைட். சிங்கப்பூர்ல வாங்கினதுக்கு எங்க கிளெய்ம் பண்ணணும்? அதுக்கப்புறம் லண்டன் பிளானும் இருக்கு.

கூடலூர் அக்கா:
பஸ்ல பாலம் தாண்டிட்டா கிடையாது. சிங்கப்பூர்லேர்ந்தே விமானம் ஏறணும். அப்புறம் குறைஞ்சது 100 டாலர் பில்லு வேணும், ஒரே கடையில ஒரே நாள்ல வாங்கின மூணு பில் வரைக்கும் சேர்த்துக்கலாம்.

வெலிங்டன் ரிட்டயர்டு:
லண்டன்ல 2021 ஜனவரி 1-லேர்ந்து இது கிடையாது, 2019-ல நான் ஹீத்ரோ க்யூவுல நின்னு வாங்கினதோட சரி. வட அயர்லாந்துல மட்டும் இருக்கு.

கோத்தகிரி ஸ்டுடியோ (செவ்வாய் ராத்திரி):
அப்டேட். கடைக்காரர் திட்டிக்கிட்டே மாத்தி குடுத்துட்டார், டப்பா சீல் உடைக்கல (அம்மா விடல, நல்ல நேரம் பாத்து தான் பிரிக்கணுமாம்). முதல் பில்லு காசு அக்கா கார்டுக்கு திரும்ப சில நாள் ஆகும்னாங்களாம், அதுவரைக்கும் ரெண்டு தடவை கட்டின கணக்கு, மாமா முகம் சரியில்லையாம். ஏர்போர்ட்ல கியாஸ்க் எங்க இருக்கும்?

கூடலூர் அக்கா:
பெரிய பெட்டியில போடறதா இருந்தா செக்-இன் பண்றதுக்கு முன்னாடியே கியாஸ்க்ல முடிக்கணும், பெட்டி பெல்ட்ல போயிட்டா கதை முடிஞ்சது. கேமராவை கைப்பையில தானே வைக்கப் போறார்? அப்ப இமிக்ரேஷன் தாண்டி உள்ள இருக்கற கியாஸ்க். ஸ்கிரீன்ல கஸ்டம்ஸ் கவுன்ட்டருக்கு போன்னு வந்தா பயப்படாம பொருளையும் பில்லையும் கொண்டு போய் காட்டச் சொல்லுங்க. ஃப்ளைட்டுக்கு கொஞ்சம் முன்னாடியே போகணும். 180 முழுசா வராது, நடுவுல ஏஜென்சி கட்டணம் புடிப்பாங்க.

கோத்தகிரி ஸ்டுடியோ (ஞாயிறு):
வந்துட்டான். சொன்ன மாதிரியே கவுன்ட்டருக்கு போகச் சொல்லுச்சாம், டப்பாவை திறந்து சீரியல் நம்பரை பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல விட்டுட்டாங்க. கார்டுக்கே போட சொல்லிட்டான். கோயம்புத்தூர்ல நேரா சிவப்பு சேனலுக்கு (வரி கட்டறவங்க போற வழி) போய் பில்லை நீட்டினான், 37 ஆயிரத்து சொச்சம் கட்டி ரசீது வாங்கிட்டான். மேட்டுப்பாளையத்துலேர்ந்து பஸ்ல மடியிலயே வச்சுக்கிட்டு வந்திருக்கான், குஞ்சப்பனை தாண்டினதும் ஒரே பனிமூட்டம், ஜன்னல் வேற மூடல, டப்பா மூலை நனைஞ்சிருக்கு. பஞ்சு வச்சு தொடைச்சு அரிசி டின்ல வச்சிருக்கேன்.

ராத்திரி உக்காந்து மொத்தமா கணக்கு போட்டேன். 1,48,000 + 37,800, ரீஃபண்ட் கழிச்சா 1,75,000 கிட்ட வருது. இதே செட்டு கோயம்புத்தூர் கடையில 1,72,000 சொன்னாங்க.

வெலிங்டன் ரிட்டயர்டு:
உங்க ஸ்டுடியோவுக்கு ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷன் இருந்தா அந்த கோயம்புத்தூர் பில்லுல 18 சதவீத ஜிஎஸ்டியை கிரெடிட்டும் எடுத்திருக்கலாம், அதாவது நீங்க கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சிருக்கலாம். டியூட்டி கட்டின ரசீதை மட்டும் பத்திரமா வைங்க, அடுத்த தடவை கேமராவோட வெளிநாடு போயிட்டு வரும்போது கேட்டா அது தான் பேசும். மறக்காம ஒரு போட்டோ எடுத்து வைங்க, பேப்பர் நம்ம ஊரு ஈரத்துல ஒரு வருஷம் தாங்காது.

கோத்தகிரி ஸ்டுடியோ:
சார் அந்த கிரெடிட் மேட்டரை சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மஞ்சூர் டிரைவர் (2026 பிப்ரவரி):
தேடி வர்றவங்களுக்காக போடறேன், மேல இருக்கற 50,000 பழைய கணக்கு. பிப்ரவரி 2-லேர்ந்து புது பேக்கேஜ் ரூல்ஸ், நம்மவங்களுக்கு 75,000 ஆக்கிட்டாங்க.

கோத்தகிரி ஸ்டுடியோ:
25,000-க்கு பழைய 38.5 போட்டா 9,625. தம்பிகிட்ட காட்ட மாட்டேன், அவன் பாஸ்போர்ட்டை மறந்ததுக்கே இன்னும் அம்மா திட்டிட்டு இருக்காங்க.