கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலி: சேலத்தில் நல்ல பிசியோதெரபிஸ்ட் யாராவது தெரியுமா?

வணக்கம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் என் தம்பிக்காகக் கேட்கிறேன்.

அவனுக்கு அடிக்கடி தலைவலி. பிடரியில் வலது பக்கம் ஆரம்பித்து, மண்டைமேல் ஏறி, கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து, குனிந்தபடியே பற்றவைக்கிற வேலை. சாயங்காலம் கழுத்தைத் திருப்பவே முடியாது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஓட்டிவிட்டு வந்தால் மறுநாள் படுக்கைதான்.

ஒற்றைத் தலைவலி மாத்திரை போட்டும் கேட்கவில்லை. கண்ணும் பார்த்தாயிற்று. இப்போது பார்க்கும் டாக்டர், கழுத்திலிருந்து வரலாம் என்கிறார். மேல்கழுத்தின் முதல் மூன்று நரம்புகளும் முகத்துக்குப் போகும் நரம்பும் உள்ளே ஒரே இடத்தில் சேர்வதால், கழுத்து வலி நெற்றியிலும் கண்ணிலும் தெரியுமாம். எக்ஸ்ரேயில் கழுத்தின் வளைவு நேராகியிருக்கிறது. ஆனால் வலியே இல்லாதவர்களுக்கும் அப்படி இருக்கும், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். பயமுறுத்தாமல் பேசுகிற டாக்டர் கிடைப்பதே பெரிய விஷயம்!

கை மரத்துப்போவது, காய்ச்சல் எதுவும் இல்லை. எம்ஆர்ஐ அவசியமா? உடற்பயிற்சியில் யாருக்காவது குறைந்ததா, எத்தனை வாரத்தில்? அரசு மருத்துவமனை பிசியோதெரபிக்கு எந்த நேரத்தில் போனால் கூட்டம் குறைவு? அப்புறம், பட்டறைக்காரர்கள் யாராவது மேஜை போட்டு வேலை செய்கிறீர்களா? எவ்வளவு உயரம்?

சுளுக்கு எடுப்பவர்களைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். கழுத்தை வெடுக்கென்று திருப்பினால், அரிதாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம்கூட வரலாம்.