சஃபாரியில் படங்கள் ஒட்டிக்கொள்கின்றன, கீழே வெள்ளைப் பட்டை வேறு

கேள்வி:
படத்தொகுப்புப் பக்கம் ஒன்று. சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) ஃப்ளெக்ஸ், அதாவது பெட்டிகளை வரிசையாக அடுக்கும் முறை போட்டு, கேப் (பெட்டிகளுக்கு இடையிலான இடைவெளி) 16 பிக்சல் கொடுத்து, வரிசைக்கு மூன்று டிவ் (பெட்டி), ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு படம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் சரியாக வருகிறது, பழைய ஐபோன் சஃபாரியில் மட்டும் இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்கின்றன. சப்போர்ட்ஸ் நிபந்தனை (ஒரு வசதி பிரவுசருக்குத் தெரியுமா என்று கேட்பது) எழுதி, கேப் தெரியாத பிரவுசருக்கு மார்ஜின் (வெளி இடைவெளி) கொடுத்துப் பார்த்தேன், அதையும் சஃபாரி எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று, எல்லா பிரவுசரிலும் படத்துக்குக் கீழே மெல்லிய வெள்ளைப் பட்டை தெரிகிறது. மார்ஜின், பேடிங் (உள் இடைவெளி) எல்லாம் பூஜ்யம்தான். எங்கிருந்து வருகிறது?

பதில் 1:
ஃப்ளெக்ஸில் கேப் சஃபாரிக்கு வந்ததே 14.1 பதிப்பில், 2021-இல். ஆனால் கிரிட்டில் (கட்டம் கட்டமாக அடுக்கும் முறை) கேப் அதற்கு முன்பே வேலை செய்தது, அதனால் "கேப் தெரியுமா" என்று சப்போர்ட்ஸில் கேட்டால் பழைய சஃபாரியும் தெரியும் என்றுதான் சொல்லும், நீங்கள் எழுதிய மார்ஜின் பக்கமே போகாது. ஃப்ளெக்ஸில் தெரியுமா என்று தனியாகக் கேட்க வழி இல்லை. பேசாமல் கிரிட்டுக்கு மாற்றிவிடுங்கள், வரிசைக்கு மூன்று என்ற அடுக்குக்கு அதுதான் பொருத்தம். யூசர் ஏஜென்டைப் (பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் பெயர்) பார்த்து சஃபாரிக்குத் தனி சிஎஸ்எஸ் எழுதும் யோசனை இருந்தால் தயவுசெய்து வேண்டாம், அடுத்த பதிப்பிலேயே உடையும்.

பதில் 2:
வெள்ளைப் பட்டை பிழையே இல்லை. படம் இயல்பாகவே இன்லைன், அதாவது ஓர் எழுத்தைப் போல வரியின் பேஸ்லைன் (எழுத்துகள் உட்காரும் கோடு) மீது உட்காரும். ‘மு’, ‘ழு’ மாதிரி கீழே இறங்கும் எழுத்துக்காக வரி ஒதுக்கும் இடம்தான் அந்தப் பட்டை. படத்துக்கு டிஸ்ப்ளே பிளாக் கொடுங்கள், போய்விடும்.

கேட்டவர்:
இரண்டுமே சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி! இப்போது உயரம்தான் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கிறது. ஆஸ்பெக்ட் ரேஷியோ (அகல உயர விகிதம்) போடலாமா? அப்புறம், கீழே ஃப்ளெக்ஸ் வரிசையில் உரைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் படம் உரை நீள நீள அதுவும் இழுபடுகிறது.

பதில் 1:
ஆஸ்பெக்ட் ரேஷியோ சஃபாரி 15-இல்தான் வந்தது, உங்கள் போனுக்குத் தெரியாது. அகலம் 100 சதவீதம், உயரம் 200 பிக்சல், கூடவே ஆப்ஜெக்ட் ஃபிட் கவர் (விகிதம் மாறாமல் பெட்டியை நிரப்பும்). ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், முகம் நசுங்காது. முகம் மேல்பக்கம் இருக்கிற படமென்றால் ஆப்ஜெக்ட் பொசிஷன் டாப் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
இழுபடுவதற்குக் காரணம் ஃப்ளெக்ஸ் வரிசையில் அலைன் ஐட்டம்ஸ் (உயர வாக்கில் எப்படி நிற்க வேண்டும் என்பது) இயல்பாகவே ஸ்ட்ரெச், அதாவது இழுத்து நிரப்புவது. அந்தப் படத்துக்கு மட்டும் அலைன் செல்ஃப் ஃப்ளெக்ஸ் ஸ்டார்ட் போதும். ஃப்ளெக்ஸ் ஷ்ரிங்க்கும் (இடம் போதாதபோது சுருங்கும் அளவு) 0 வைத்துவிடுங்கள், இல்லையென்றால் சின்னத் திரையில் அகலம் குறைந்துவிடலாம்.