தண்டையார்பேட்டை குடும்பம் (குரூப்)

கவிதா: நிச்சயத்துக்காக எம்.சி. ரோடு பக்கம் ஒரு பார்லரில் மெனிக்யூர் செய்தேன், இப்போது மோதிர விரலில் நகத்தோரம் வீங்கி விண்விண் என்று தெறிக்கிறது 😭

சரோஜா பெரியம்மா: நகச்சுற்றுதான் கண்ணு. எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் சொருகிக்கோ, உடைந்துவிடும்.

மீனா: பெரியம்மா, வேண்டாம். தோல் கிழிந்த இடத்தில் புளிப்பு பட்டால் எரிச்சல்தான் மிச்சம். கவி, நகம் முளைக்கிற இடத்தில் ஒட்டியிருக்கிற மெல்லிய தோலை வெட்டினார்களா?

கவிதா: ஆமாக்கா, ஊறவைத்து, குச்சியால் தள்ளி, குட்டிக் கட்டரால் சுற்றி எடுத்தார்கள். அழுக்குத் தோலாம்.

மீனா: அழுக்கும் இல்லை ஒன்றும் இல்லை. நகத்துக்கும் சதைக்கும் நடுவில் தண்ணீரும் கிருமியும் இறங்காமல் அடைத்து வைத்திருப்பதே அந்தத் தோல்தான், அதை நறுக்கினால் வழி திறந்துவிட்ட மாதிரி. காசிமேட்டில் மீன் கழுவுகிறவர்களுக்கும் நாள்பூரா பாத்திரம் தேய்க்கிறவர்களுக்கும் நகச்சுற்று அடிக்கடி வருவதும் இதனால்தான், ஈரத்தில் ஊறி ஊறி அந்தத் தோல் விட்டுப்போகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தடவைக்கு 15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை விரலை வை, அப்புறம் ஈரம் போகத் துடை. சீழ் கோத்தால் நீயே ஊசியால் குத்தாதே, ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓபியில் காட்டு.

ரவி மாமா: காசு கொடுத்து வியாதி வாங்கியிருக்கிறாள் 😂

சரோஜா பெரியம்மா: பாலிஷ் போட்டால் நகம் மூச்சு முட்டும், அதனால்தான் இது.

மீனா: நகம் மூச்சே விடாது பெரியம்மா. வெளியே தெரிவது கெராட்டின் என்கிற உயிரில்லாத புரதம், அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. வேண்டியதெல்லாம் வேரில் ரத்தம் கொடுத்துவிடும். ஆனால் ஜெல் பாலிஷைப் பிய்த்து எடுக்கிறீர்களே, அதில் நகத்தின் மேல்பரப்பும் கூடவே உரிந்து வரும். கெடுவது அதில்தான்.

ரவி மாமா: எனக்கு வெள்ளைப் புள்ளி இருக்கு, கால்சியம் மாத்திரை போடட்டுமா?

மீனா: சரி, எங்கேயாவது இடித்துக்கொண்டீர்களா? பெரும்பாலும் வேரில் பட்ட அடிதான் அது. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் அடிபட்டது மறந்துபோன பிறகுதான் புள்ளி கண்ணில் படும். தானாக வளர்ந்து போய்விடும், மாத்திரைக்குச் செலவு செய்யாதீங்க.

சரோஜா பெரியம்மா: அப்போ வெள்ளிக்கிழமை நகம் வெட்டலாமா?

மீனா: அது மகாலட்சுமி டிபார்ட்மென்ட், என்னைக் கேட்காதீங்க 🙏